தாத்தா வயித்துல இருக்குற அந்த நீளத் தழும்பு: ஒரு பழைய ஆபரேஷனும் அரிதான ஒரு ரத்தக்கசிவும்

1/
ரத்த வாந்தி. இல்லேன்னா தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, கெட்ட வாடையோட மலம். ரெண்டுக்குமே பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் இந்த வட்டாரத்துல எங்கேயோ ரத்தம் கசியுது. காரணம் கேட்டா அல்சர், குடியால கெட்ட கல்லீரல், வலி மாத்திரை, புற்றுநோய்னு வரிசையா சொல்லுவோம். இன்னைக்கு இந்த இழையில சொல்லப்போறது அந்த வரிசையில பல நேரம் இடமே பிடிக்காத ஒரு காரணம்.

2/
பேரு ஸ்டோமல் அல்சர். தமிழில் 'இணைப்புப் புண்' என்று வைத்துக்கொள்வோம். எப்பவோ ஆபரேஷன் செய்து இரைப்பையையும் சிறுகுடலையும் சேர்த்துத் தைத்த இடத்தின் விளிம்பில் வரும் புண். ஆபரேஷன் முடிஞ்ச அடுத்த வருஷமே வரலாம். முப்பது நாப்பது வருஷம் கழிச்சும் வரலாம். இன்னைக்கு இது அரிது, ஏன்னா அந்த ஆபரேஷனே அரிதாப் போச்சு. ஆனா அதைச் செஞ்சுக்கிட்டவங்க இன்னும் நம்ம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்காங்க.

3/
அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கம் எழுபது எழுபத்தஞ்சு தாண்டின தாத்தா யாராவது சட்டையில்லாம உட்கார்ந்திருந்தா கவனிங்க. சிலருக்கு நெஞ்செலும்பு முடியுற இடத்துல ஆரம்பிச்சு தொப்புள் வரைக்கும் நேர்கோடு போட்ட மாதிரி ஒரு தழும்பு இருக்கும். கேட்டா, "அதா? அது அந்தக் காலத்துல குடல் புண்ணுக்குப் பண்ணது தம்பி"ன்னு முடிச்சிருவாங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நூத்தி நாப்பது வருஷக் கதை இருக்கு. வியன்னாவில் தொடங்கி, எவரெஸ்ட் வழியாக நெய்யூருக்கு வந்து, மதுரை பெரியாஸ்பத்திரி வரை வரும் கதை.

4/
முதலில் உடம்பு. இரைப்பை அமிலம் சுரக்குது. அது வெளியே வரும் முதல் இடம் டியோடினம் என்கிற முன்சிறுகுடல். அங்கே பித்தநீரும் கணைய நீரும் வந்து கலந்து அமிலத்தை அடக்கிடும். அதுக்கு அடுத்த பகுதி ஜெஜுனம். அமிலத்தை நேரா வாங்கிப் பழக்கமே இல்லாத குடல் அது. இதை மட்டும் மனசில் வைங்க. மீதிக் கதை முழுக்க இதில்தான் நிக்குது.

5/
1881, வியன்னா. தியோடர் பில்ரோத் அந்த ஜனவரியில்தான் புற்றுநோய் வந்த இரைப்பைப் பகுதியை வெட்டி எடுத்து, நோயாளியைப் பிழைக்கவும் வைத்திருந்தார். செப்டம்பரில் அவருடைய உதவியாளர் அன்டன் வுல்ஃப்ளர் இன்னொரு நோயாளியின் வயிற்றைத் திறந்தார். இரைப்பையின் வாசலைக் கட்டி அடைச்சிருந்தது. எடுக்க முடியாத அளவுக்குப் பரவியிருந்தது. மூடிவிடலாம் என்ற நிலை.

6/
பக்கத்தில் நின்ன நிக்கோலடோனி ஒரு யோசனை சொன்னார். வாசல் அடைச்சா என்ன, பக்கவாட்டில் இன்னொரு வாசல் வைக்கலாமே? வுல்ஃப்ளர் சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே தூக்கி இரைப்பையோடு சேர்த்துத் தைத்தார். சாப்பாடு புது வழியில் இறங்கியது. கேஸ்ட்ரோஎன்டெரோஸ்டமி பிறந்தது இப்படித்தான். இதில் ஜெஜுனத்தோடு இணைப்பதைத்தான் நம்ம ஊர் சர்ஜன்கள் சுருக்கமா 'ஜிஜே' என்பார்கள்.

7/
புற்றுநோய்க்காக யோசிச்ச மாற்றுவழி, சீக்கிரமே அல்சருக்கும் வந்தது. முன்சிறுகுடலில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, தழும்பு சுருங்கி வாசல் அடைபட்டவர்களுக்கு இது பெரிய வரம். பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து சாப்பிட்டார்கள்.

8/
ஆனால் 1899-லேயே ஜெர்மானிய சர்ஜன் ஹைன்ரிச் பிரவுன் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். இணைத்த ஜெஜுனத்தில் புதிதாக ஒரு புண். நாலாவது போஸ்ட்டில் சொன்னதுதான் காரணம்: அமிலத்தைத் தாங்கிப் பழகாத குடலின் மேல் அமிலம் நேரா கொட்டுது. பழைய புண்ணுக்கு வழி செஞ்சோம். அந்த வழியிலேயே புதுப் புண்.

9/
எத்தனை பேருக்கு வரும்? நியூயார்க்கில் ரிச்சர்ட் லூவிசோன் 1925-ல் வெளியிட்ட கணக்கில் 34 விழுக்காடு. மூணு பேரில் ஒருத்தர். ஆபரேஷனை நம்பியிருந்த சர்ஜன்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. இன்னொரு தகவல்: சோடியம் சிட்ரேட் சேர்த்தால் ரத்தம் உறையாமல் இருக்கும், பாதுகாப்பாக இன்னொருவருக்கு ஏற்றலாம் என்று 1915-ல் நிலைநாட்டியவர்களில் முக்கியமானவரும் இதே லூவிசோன்தான். ரத்த வாந்தி எடுத்தவருக்கு இன்னைக்கு நாம தொங்கவிடுற ரத்தப்பைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு.

10/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், தென்னிந்தியாவில் டியோடினல் அல்சர் மிக அதிகம் என்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். பெரும்பாலும் ஆண்கள், உழைக்கும் வயசு. இங்கே அதற்கு ஒரு தனிக்குணம் இருந்தது. ரத்தக்கசிவைவிட, வாசல் அடைபடுவதுதான் இங்கே முன்னால் நின்றது.

11/
காலையில சாப்பிட்டது ராத்திரி அப்படியே வாந்தியா வரும். வயித்துக்குள்ள பந்து உருள்ற மாதிரி இடமிருந்து வலமா அலை ஓடும், வெளியே நின்னு பார்த்தாலே தெரியும். நோயாளி தானே விரலை விட்டு வாந்தி எடுத்தாத்தான் நிம்மதி. ஆறு மாசத்துல ஆள் எலும்பும் தோலுமா ஆயிடுவார். மருந்துன்னா சோடா உப்பும் பாலும்தான். இந்த நிலைமையில் இருந்தவரை மீட்கத்தான் ஜிஜே.

12/
இந்த இடத்தில் எவரெஸ்ட் வருகிறது. தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், 1890-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சில் சோம் போர்க்களத்தில் சர்ஜனாக வேலை பார்த்தவர். 1922-ல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்தார். அது முடிந்ததும் ஊர் திரும்பாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபடி தெற்கே இறங்கினார்.

13/
நெய்யூர். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம், இப்போது கன்னியாகுமரி மாவட்டம். அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனை. அதன் மருத்துவப் பணி 1838-ல் தொடங்கியது. சோமர்வெல் பார்த்தபோது காத்திருந்த கூட்டம் பெரிது, தகுதி பெற்ற சர்ஜன் ஒரே ஒருவர். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தார்.

14/
1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 28,000 அடி வரை போய் நின்றார். அதே பயணத்தில் மலையிலிருந்து திரும்பாத மல்லோரி கொண்டுபோன கேமரா சோமர்வெல் கடன் கொடுத்தது. இறங்கும் வழியில் சோமர்வெல்லுக்கே தொண்டைச் சவ்வு பனியில் உறைந்து பிய்ந்து அடைத்து மூச்சு நின்றுவிடும் நிலை. இருமித் துப்பித்தான் பிழைத்தார். அந்தத் தொண்டையோடு நெய்யூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் கத்தி பிடித்தார்.

15/
அந்தக் கத்தி அதிகம் தொட்ட நோய்களில் ஒன்று டியோடினல் அல்சர். அவரும் உடன் பணிபுரிந்த டாக்டர் ஓர் என்பவரும் 1936-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் வயிற்றுப் புண் பற்றிய தங்கள் அனுபவத்தை நீண்ட கட்டுரையாக எழுதினார்கள். உலகத்தில் அல்சர் ஆபரேஷன் பற்றிப் பேசுகிறவர்கள் நெய்யூர் என்ற பெயரைத் தெரிந்துகொண்டார்கள். ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

16/
சோமர்வெல் ஜிஜேயோடு நின்றுவிடவில்லை. வாசலை மாற்றி வைத்தாலும் அமிலம் அப்படியேதானே சுரக்குது? அமிலம் இல்லாவிட்டால் புண் இல்லை என்று கார்ல் ஷ்வார்ட்ஸ் 1910-லேயே சொல்லியிருந்தார். அதனால் இரைப்பைக்குப் போகும் தமனிகளில் பெரும்பாலானவற்றைக் கட்டிவிட்டு, அமிலச் சுரப்பைக் குறைக்க முயன்றார். 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த முறை நிலைக்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

17/
இதே காலத்தில் இன்னொரு கேள்வியும் ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே மட்டும் ஏன் இவ்வளவு அல்சர்? குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிச் சாப்பாடு தின்ற எலிகளுக்கு இரைப்பைப் புண் அதிகம் வந்தது. கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் தின்ற எலிகள் நன்றாக இருந்தன.

18/
பின்னாளில், மைசூரில் பல ஆண்டுகள் சர்ஜனாக இருந்த ஃபிராங்க் டோவி, 1979-ல் 'கட்' என்ற மருத்துவ இதழில் இந்தியா, வங்கதேசம் முழுக்க அல்சர் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று எழுதினார். தீட்டின அரிசியும் மரவள்ளியும் முதன்மை உணவாக இருக்கும் பகுதிகளில் அதிகம். தீட்டாத கோதுமை, சில சிறுதானியங்கள், பயறு வகைகள் சாப்பிடும் பகுதிகளில் குறைவு.

19/
இதை வாசிக்கும் கரிசக்காட்டுக்காரங்களுக்கு உடனே ஒரு நினைப்பு வரும். அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரி பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு விளைஞ்ச இடம். நெல்லுச்சோறு தீபாவளி பொங்கலுக்குத்தான்னு அப்பத்தா சொல்லிக் கேட்டிருப்பீங்க. அப்புறம் வீட்டுக்கு வீடு அரிசி வந்தது. அப்ப கம்பங்கூழ் அல்சரைத் தடுத்துச்சான்னு கேட்டா, டோவி காட்டியது ஒரு பொருத்தம் மட்டும். நிரூபணம் இல்லை. கூழ் குடிச்சா புண் ஆறும்னு யாரும் இதை வெச்சு வீடியோ போட்டுறாதீங்க. கூழ் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.

20/
சரி, அமிலத்தை எப்படிக் குறைப்பது? விடை சிகாகோவிலிருந்து வந்தது. இரைப்பைக்கு 'சுர' என்று உத்தரவு கொண்டுவரும் நரம்பு வேகஸ். ரஷ்யாவின் பாவ்லோவ் இதைக் காட்டியவர். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் வாங்கினார். 1943-ல் லெஸ்டர் டிராக்ஸ்டெட் டியோடினல் அல்சர் நோயாளிக்கு அந்த நரம்பையே வெட்டினார். அமிலம் குறைந்தது, புண் ஆறியது.

21/
ஆனால் வேகஸை வெட்டினால் இரைப்பை மந்தமாகிவிடும், சாப்பாடு வெளியே போகாமல் தேங்கும். அதனால் கூடவே ஒரு வடிகால் வேண்டும். எது? நம்ம பழைய ஜிஜே. இப்படி ரெண்டும் கைகோத்தன: வேகஸை வெட்டு, பக்கவாசல் வை. வேகாடமியும் ஜிஜேயும். இணைப்புப் புண் மூணில் ஒருத்தர் என்ற நிலையிலிருந்து நூற்றுக்குச் சிலர் என்ற அளவுக்கு இறங்கியது.

22/
சோமர்வெல் பிறகு வேலூர் சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை கற்பித்தார். 1975-ல் இங்கிலாந்தில் இறந்தார். மதுரையில் 1954-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி ராஜாஜி மருத்துவமனை ஆனது. ஜனங்களுக்கு அன்னைக்கும் இன்னைக்கும் அது பெரியாஸ்பத்திரிதான். 1970, 80-களில் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வேகாடமி-ஜிஜே அன்றாட ஆபரேஷன். சர்ஜரி படிக்க வந்தவர்கள் கை பழகியதே இதில்தான்.

23/
திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வந்து, அங்கிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போல மதுரை. சாப்பிட்டது தங்காத ஆளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், வார்டில் சேர்த்து, வாரக்கணக்கில் பக்கத்தில் இருந்து, பணமில்லாமல் ஆபரேஷன் முடித்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மறுபடி ஏர் பிடித்தார்கள், தறியில் உட்கார்ந்தார்கள், கரிமூட்டம் போட்டார்கள். அந்த ஆபரேஷன் தப்பு என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இல்லாவிட்டால் பல குடும்பங்களில் அடுத்த தலைமுறையே இல்லை.

24/
பிறகு கதை வேகமாக முடிந்தது. ஜேம்ஸ் பிளாக் குழுவின் சிமெடிடின் 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அமிலத்தை மாத்திரையால் அடக்கலாம். 1988-ல் அதைவிட வலுவான ஒமேப்ரசோல் சந்தைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005-ல் ரெண்டு பேருக்கும் நோபல்.

25/
ரெண்டு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரையில் ஆறும் நோய்க்கு யார் வயிற்றைக் கிழிப்பார்கள்? அன்றாட ஆபரேஷன் சில ஆண்டுகளில் அரிதான ஆபரேஷன் ஆனது. இன்னைக்கு சர்ஜரி படிக்கும் பிள்ளைகளில் பலர் அல்சருக்காக ஒரு வேகாடமி பார்த்திருக்கவே மாட்டார்கள். இது மருத்துவத்தின் வெற்றி. ஆனால் அதில் ஒரு இடைவெளி விழுந்தது: ஆபரேஷனை மருத்துவமனை மறந்துவிட்டது. தாத்தா உடம்பு மறக்கவில்லை.

26/
ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 76 வயசுப் பெரியவர். 1979-ல் ஜிஜே. நாற்பது வருஷமா ஒண்ணும் இல்லை. இப்ப முழங்கால் வலி. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வலி மாத்திரை வாங்குறார், தினம் ரெண்டு. கூடவே பீடி. இணைப்பு விளிம்பில் புண் விழுது. வலி நெஞ்சுக்குழியில் வரலாம், தொப்புளுக்கு இடப்பக்கம் வரலாம், வராமலும் இருக்கலாம். ஒரு நாள் கருப்பு மலம், தலைசுற்றல், கொல்லைக்குப் போன இடத்தில் மயக்கம்.

27/
ஆஸ்பத்திரியில் இந்த உரையாடல் நடக்கும்.
"ஐயா, இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணிருக்கா?"
"இல்லைங்க சார்."
"வயித்துல இது என்ன தழும்பு?"
"அதுவா... அது எங்க அப்பா இருக்கும்போது பண்ணது. அதான் சரியாப் போச்சுல்ல."
அவரைப் பொறுத்தவரை அது முடிஞ்சுபோன விஷயம். பொய் சொல்லலை. ஆனா எங்களுக்கு அந்தத் தழும்புதான் வரைபடம்.

28/
ஏன் வரைபடம்? எண்டோஸ்கோப்பி பழைய கருவி இல்லை. வளையும் கண்ணாடி இழையில் படம் கடத்தும் முதல் கருவியை பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-ல்தான் மனிதர்களிடம் பயன்படுத்தினார், தன் தொண்டையில் முதலில் விட்டுப் பார்த்துவிட்டு. வழக்கமான வயித்துல இரைப்பையைத் தாண்டினா ஒரே வழி. ஜிஜே வயித்துல ரெண்டு கூடுதல் வாசல். புண் பெரும்பாலும் அந்த இணைப்பைத் தாண்டி, ஜெஜுனத்தின் பக்கத்தில் ஒளிஞ்சிருக்கும். ரத்தமும் கட்டியும் கிடக்கும்போது, இருக்குன்னு தெரிஞ்சு தேடுறவங்க கண்ணுக்குச் சீக்கிரம் படும். தெரியாதவங்க நேரத்தை இழப்பாங்க. ரத்தம் போகும்போது நேரம்தான் எல்லாமே.

29/
சிகிச்சை இதுதான். முதலில் ரெண்டு கையிலும் பெரிய ஊசி, திரவம், ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனா பொதுவா ரத்தம் ஏத்துவோம்; இதயநோய் இருந்தா கொஞ்சம் முன்னாடியே. அள்ளி அள்ளி ஏத்துறது நல்லதில்லைன்னு 2013-ல் வெளியான பார்சிலோனா ஆய்வு காட்டியது: அளவா ஏத்தினவங்க அதிகம் பிழைச்சாங்க. "ஏன் டாக்டர் ஒரு பாட்டிலோட நிறுத்திட்டீங்க"ன்னு கேட்குற மகன்களுக்கு இதுதான் பதில்.

30/
அமிலத்தை அடக்கும் பான்டப்ரசோல் வகை மருந்து ஊசியாகத் தொடங்கும். உடல்நிலை நிலைப்பட்டதும், 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி. கசியும் ரத்தக்குழாய் தெரிஞ்சா அட்ரினலின் ஊசி போட்டு, அதோட நிறுத்தாம சின்ன உலோகக் கிளிப் மாட்டுவாங்க, இல்லேன்னா சூடு வெச்சு அடைப்பாங்க. அதுக்கும் நிக்காட்டி தொடைத் தமனி வழியாக் குழாய் விட்டு அந்த ரத்தக்குழாயை அடைக்கலாம். வயித்தைத் திறக்கும் நிலைமை இன்னைக்கு ரொம்பச் சிலருக்குத்தான்.

31/
ரத்தம் நின்னதோட வேலை முடியலை. ஏன் வந்துச்சுன்னு பார்க்கணும். வலி மாத்திரை முதல் சந்தேகம். பீடி, சிகரெட். ஹெலிகோபாக்டர் கிருமி. அன்னைக்கு வேகஸின் ஒரு கிளை வெட்டுப்படாமல் தப்பியிருக்கலாம். சில பழைய இணைப்புகளில் பட்டு நூல் தையல் இன்னும் உறுத்திக்கிட்டு இருக்கும். மிக மிக அரிதா, அமிலத்தைத் தூண்டும் ஹார்மோன் கட்டி. 1955-ல் சோலிங்கர், எலிசன் என்ற ரெண்டு அமெரிக்க சர்ஜன்கள் ஜெஜுனப் புண் திரும்பத் திரும்ப வந்த ரெண்டே ரெண்டு நோயாளிகளை வைத்துக் கண்டுபிடித்தது அது.

32/
புண் விளிம்பிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிப்பதும் உண்டு. பழைய ஆபரேஷன் செய்த இரைப்பையில் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்பதால். பயப்பட அல்ல, விட்டுவிடாமல் இருக்க. பிறகு அமில அடக்கி மாத்திரை குறைந்தது சில வாரம், சிலருக்கு நீண்ட காலம். இரும்புச்சத்தும் பி12-உம் பார்க்கணும். இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு ரெண்டும் குறையும்.

33/
இன்னொன்று. புண் ஆழமாகிப் பெருங்குடலுக்குள் துளை போட்டுவிடுவதும் உண்டு. சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வயிற்றுப்போக்கு, மல வாடையோடு ஏப்பம், வேகமா எடை இறங்குறது. பழைய ஜிஜே தழும்போட இந்த மூணும் இருந்தா நாட்டு மருந்து தேடாம நேரா வாங்க. இதுக்கு இன்னைக்கும் ஆபரேஷன் தேவைப்படும்.

34/
ஜிஜே போய்விட்டது, இனி இந்தப் புண்ணும் காணாமல் போயிடும்னு நினைச்சா, இல்லை. உடல் பருமனுக்குச் செய்யும் கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷனிலும் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அதே விளிம்பு, அதே அமிலம், அதே புண். புகையும் வலி மாத்திரையும் அங்கேயும் எதிரி. சாப்பிட முடியாதவருக்காகப் பிறந்த இணைப்பு, நிறைய சாப்பிட்டவருக்கும் வந்து சேர்ந்திருக்கு. இப்ப முப்பது வயசுல பைபாஸ் செஞ்சுக்கிறவங்க நாப்பது வருஷம் கழிச்சு ரத்த வாந்தியோட வந்தா, அன்னைக்கு டாக்டர் கேட்கப்போறதும் இதே கேள்விதான்.

35/
அதனால் ஒரு வேலை செய்யுங்க. ஊருக்குப் போகும்போது தாத்தாகிட்ட, அப்பத்தாகிட்ட, அம்மாச்சிகிட்ட கேளுங்க: என்ன ஆபரேஷன், எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி? வருஷம் சரியாத் தெரியாட்டியும் பரவாயில்லை, "பெரிய மகன் பொறந்த வருஷம்"னா அதுவே போதும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி காப்பீட்டு அட்டை உறைக்குள்ள வைங்க. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பரணில் கிடந்தா போட்டோ எடுத்துப் போன்ல வைங்க.

36/
அந்தத் தழும்பு இருக்குறவங்களுக்கு நாலு விஷயம்:
மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானா மாத்திரை, ஊசி வேண்டாம். டாக்டர்கிட்ட பழைய ஆபரேஷனைச் சொல்லி வாங்குங்க.
இதயத்துக்குன்னு டாக்டர் எழுதின ஆஸ்பிரினைப் பயந்து நீங்களா நிறுத்தாதீங்க, அவரிடமே கேளுங்க.
பீடி, சிகரெட் விடுங்க.
மலம் கருப்பாப் போனா, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறவரா இருந்தாலும், ஒரு தடவை காட்டிருங்க.

37/
ரத்த வாந்தி, கருப்பு மலத்தோட மயக்கம் வந்தா காத்திருக்காதீங்க. மோர் கொடுத்துப் பார்க்குறது, விடியட்டும்னு இருக்குறது வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க. அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் முதலுதவி கிடைக்கும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. மதுரை எப்பவும் போல இருக்கு. தாத்தா காலத்து பஸ் பயணம் மாதிரி இல்லை இப்ப.

38/
அந்தத் தழும்பு இருக்குற எல்லாருக்கும் ரத்தம் கசியப்போறதில்லை. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் வராது. தொண்ணூறு வயசு வரைக்கும் நல்லா இருப்பாங்க. வர்ற சிலருக்கு மட்டும், ஆம்புலன்ஸ்ல கூட வர்ற பேரன் சொல்ற ஒரு வரி போதும்: "டாக்டர், தாத்தாவுக்கு அந்தக் காலத்துல வயித்துல அல்சர் ஆபரேஷன் பண்ணிருக்கு." நாங்க எங்கே தேடணும்னு அது சொல்லிடும்.